யூதருக்கு ஓர் அளவுகோல், மற்றவருக்கு வேறொன்றா? திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

அறுகம்பையில் தங்கும் இஸ்ரேலிய உல்லாசப் பயணிகளைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்குத் திருகோணமலை மாவட்டத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. 2024 ஒக்டோபர் 23 ஆம் திகதி கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம், அறுகம்பையில் உல்லாசப் பயணிகள் தாக்கப்படக்கூடும் என்று தன் நாட்டவரை எச்சரித்ததையும், இஸ்ரேல் தன் மக்களை அங்கிருந்து உடனே வெளியேறச் சொன்னதையும் நினைவூட்டி, கடலில் குளிக்க வந்த ஒருவரை அவருடைய கடவுச்சீட்டுக்காகக் கொல்ல நினைப்பது பயங்கரவாதமே என்று அதில் எழுதியிருந்தேன். யூதருக்குப் பரிந்து பேசுகிறீர்கள் என்று பலர் கோபித்திருக்கிறார்கள். யூதர் விடயத்தில் உலகம் செய்யும் அநீதியை இன்னும் உரத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று சிலர் வருந்தியிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றியே கடிதங்கள் அமைந்திருப்பதால் இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கேட்டுக்கொண்டபடி எவருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் பல வருடங்களாக ஒரு செய்தி சுற்றி வருகிறது. யூதர் தாடி வளர்த்தால் மார்க்கக் கடமை, முஸ்லிம் வளர்த்தால் தீவிரவாதி. கன்னியாஸ்திரி தலையை மூடினால் துறவு, முஸ்லிம் பெண் மூடினால் அடிமைத்தனம். யூதர் கொன்றால் தற்காப்பு, முஸ்லிம் கொன்றால் பயங்கரவாதம் என்று அது நீண்டு செல்கிறது. என் மாணவிகள் அதை வாசித்துவிட்டு, "உண்மைதானே டீச்சர்?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல வேண்டும்? (ஆசிரியை ஒருவர், கிண்ணியா)

பதில்: சகோதரி, அந்தச் செய்தியில் உங்கள் மாணவிகள் தங்கள் சொந்தக் காயத்தைக் காண்கிறார்கள். அதை முதலில் ஏற்றுக்கொண்டுதான் பேசத் தொடங்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 260 இற்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்கள் ஒரு சிறு குழுவினர். ஆனால் எட்டு நாட்களுக்குள் முகத்திரைக்குத் தடை வந்தது. மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்தக் குழுவின் பெயரைக்கூட அதற்கு முன்னர் கேட்டறியாத பெண்கள் பேருந்தில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து அமர நேர்ந்தது. எங்கள் நகரத்தில் அதற்கு ஒரு வருடம் முன்னரே, 2018 இல், ஆசிரியைகள் சிலர் அபாயா அணிந்து பாடசாலைக்கு வந்தது வீதி ஆர்ப்பாட்டம் ஆயிற்று. அன்று அதில் நின்றவர்களில் என் உறவினர்களும் இருந்தார்கள் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். ஆகவே, முஸ்லிமின் உடையும் தாடியும் சந்தேகத்துக்குரிய அடையாளங்களாக ஆக்கப்பட்டிருக்கின்றன என்று அச்செய்தி சொல்வது மெய்.

யூதரைப் பற்றி அது சொல்வதுதான் பொய். யூதரின் தாடியை உலகம் எப்போது மதித்தது? நாஜிப் படையினர் போலந்துக்குள் புகுந்தபோது முதலில் செய்த காரியங்களில் ஒன்று, முதிய யூதர்களைத் தெருவில் நிறுத்தி அவர்களுடைய தாடியையும் காதோரக் குடுமியையும் கத்தரித்து, சுற்றி நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டது. அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. அதற்குப் பின் நடந்தது 60 இலட்சம் பேரின் கொலை. போலந்துப் படையெடுப்புக்கு முந்திய வருடம், 1938 ஜூலையில், பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, தப்பி ஓடிவரும் யூதருக்கு யார் இடம் கொடுப்பது என்று ஆராய்ந்தன. பெரிய எண்ணிக்கையில் ஏற்க முன்வந்த நாடு டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான். 1939 இல் 900 இற்கும் மேற்பட்ட யூதரை ஏற்றிச் சென்ற சென் லூயிஸ் என்ற கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் திருப்பி அனுப்பின. அதில் இருந்தவர்களில் 254 பேர் பின்னர் ஐரோப்பாவில் மாண்டார்கள். நம் காலத்திலும் அது ஓயவில்லை. 2018 ஒக்டோபர் 27 ஆம் திகதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் சனிக்கிழமை வழிபாட்டுக்கு வந்திருந்த 11 பேர் தொழுகைக்கூடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதத்துக்குள், 2019 மார்ச் 15 ஆம் திகதி, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் ஜும்ஆவுக்கு வந்திருந்த முஸ்லிம்கள் 51 பேர் அதே விதமாகக் கொல்லப்பட்டார்கள். இரண்டு கொலைகாரர்களும் குடியேறிகளைப் படையெடுப்பாளர்கள் என்று எழுதி வைத்தவர்கள். பட்டியலை வாசிக்கும் உங்கள் மாணவிகளுக்கு இந்த இரண்டு திகதிகளையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.

பட்டியலின் கடைசி வரி கனமானது. யூதர் கொன்றால் அதைப் பயங்கரவாதம் என்று எவரும் சொல்வதில்லையா? சொன்னார்கள்; சொன்னவர்களில் யூதரும் உண்டு. 1946 ஜூலை 22 ஆம் திகதி ஜெருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலில் இர்குன் என்ற யூத ஆயுதக் குழு வைத்த குண்டில் அரபுகள், பிரித்தானியர், யூதர் என 91 பேர் இறந்தார்கள். இர்குனின் தலைவர் மெனாஹெம் பெகின் பிரித்தானியப் பொலிசாரால் பயங்கரவாதியாகத் தேடப்பட்டவர். 1948 ஏப்ரலில் தெய்ர் யாசீன் என்ற பலஸ்தீனக் கிராமத்தில் இர்குனும் அதன் கூட்டாளிகளும் நூற்றுக்கும் அதிகமானோரைக் கொன்ற பின்னர், அந்த ஆண்டு டிசெம்பரில் பெகின் அமெரிக்கா சென்றபோது, அல்பேர்ட் ஐன்ஸ்டைனும் ஹன்னா அரென்ட்டும் வேறு பல யூத அறிஞர்களும் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அவருடைய கட்சி நாஜிக் கட்சிகளுக்கு ஒப்பானது என்றே கண்டித்தார்கள். அதே பெகின் 1977 இல் பிரதமரானார். 1978 இல் எகிப்தின் அன்வர் சதாத்துடன் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஐக்கிய நாடுகள் சபையின் மத்தியஸ்தராகச் சென்ற சுவீடனின் பெர்னடோட் பிரபு 1948 செப்டெம்பர் 17 ஆம் திகதி ஜெருசலேமில் லெஹி என்ற மற்றொரு யூத ஆயுதக் குழுவினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் முடியும் தறுவாயில் நாஜிச் சிறை முகாம்களிலிருந்து பல்லாயிரம் பேரை மீட்டெடுக்கப் பேச்சு நடத்தியவர் அவர். இஸ்ரேல் அரசு லெஹியைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. ஆனால் அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. லெஹியின் தலைவர்களில் ஒருவரான இட்சாக் ஷமீர் 1983 இல் பிரதமரானார்.

உங்கள் மாணவிகளின் கேள்விக்கு இதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அரசு ஒன்று கையில் வந்த பிறகு "பயங்கரவாதி" என்ற சொல் உதிர்ந்துவிடுகிறது. இது யூதருக்கு மட்டும் கிடைத்த சலுகை இல்லை. யாசர் அரபாத்துக்கும் 1994 இல் அதே நோபல் பரிசு கிடைத்தது, நெல்சன் மண்டேலாவின் பெயர் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து 2008 இல்தான் நீக்கப்பட்டது. ஆனால் இஸ்ரேலில் இன்று நடப்பது என்னைக் கலங்கச் செய்கிறது. 1994 பெப்ரவரி 25 ஆம் திகதி, நோன்பு மாதத்தில், ஹெப்ரோன் இப்ராஹீமிப் பள்ளிவாசலில் சுஜூதில் இருந்த 29 பேரை பாரூக் கோல்ட்ஸ்டைன் சுட்டுக் கொன்றபோது, பிரதமர் ரபீன் பாராளுமன்றத்தில் அவனை வன்மையாகக் கண்டித்தார். அவனுடைய இயக்கமான காஹ் அடுத்த மாதமே தடை செய்யப்பட்டது. அந்தக் கொலைகாரனின் படத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்த இதமார் பென் க்விர், இனவெறியைத் தூண்டியதற்காக 2007 இல் தண்டிக்கப்பட்டவர், 2022 இறுதியில் தேசிய பாதுகாப்பு அமைச்சரானார். இதைக் கண்டிப்பதற்கு யூத வெறுப்பு தேவையில்லை. ரபீனைச் சுட்டுக் கொன்றவனும் ஒரு யூதத் தீவிரவாதிதான் என்பதை நினைத்தால் போதும்.

கேள்வி: என் விடுதியில் தங்கிய இஸ்ரேலிய இளைஞர் ஒருவர், "உலகம் எங்கள் நாட்டை மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறது, உங்கள் நாட்டில் இறந்தவர்களை யார் எண்ணினார்கள்?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் சொன்னதில் நியாயம் உண்டா? (விடுதி உரிமையாளர், உப்புவெளி)

பதில்: உண்டு. அதுவும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நியாயம் மற்றவர்களைவிட நன்றாகப் புரிய வேண்டும்.

2009 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 12 ஆம் திகதி ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை காஸாவுக்கான விசேட அமர்வின் முடிவில் இஸ்ரேலைக் கடுமையாகக் கண்டித்து, உண்மை அறியும் குழு ஒன்றை அனுப்பத் தீர்மானித்தது. ஆதரவாக 33 நாடுகள். எதிராகக் கனடா மட்டும். அந்நாட்களில் காஸாவில் நடந்த போரில் இறந்த பலஸ்தீனர் ஏறத்தாழ 1,400 பேர். அதே ஆண்டு மே 27 ஆம் திகதி, அதே மண்டபத்தில், இலங்கைக்கான விசேட அமர்வு நடந்தது. முள்ளிவாய்க்காலில் உடல்கள் இன்னும் மணலுக்கு மேலே கிடந்த நாட்கள் அவை. பேரவை இலங்கை அரசாங்கத்தைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது: 29 நாடுகள் ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 நடுநிலை. விசாரணை என்ற பேச்சே அதில் இல்லை. இறுதிக்கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதியது. இந்தியா, சீனா, பாகிஸ்தான், ரஷ்யா, கியூபா, தென்னாபிரிக்கா ஆகியவை காஸாவுக்காகவும் கை உயர்த்தின. நம்மைக் கொன்றதைப் பாராட்டவும் கை உயர்த்தின. பலஸ்தீனக் குழந்தைக்காக அழுத கண் தமிழ்க் குழந்தையைக் காணவில்லை. இதை அந்த இளைஞர் அறிந்திருப்பாரோ இல்லையோ, அவர் கேட்ட கேள்வி இதுதான்.

மறுபக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரித்தானியாவும் பிரான்சும் ஜேர்மனியும் இலங்கையைப் பாராட்டும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தன. அந்த மூன்று நாடுகளும்தான் ஜனவரியில் காஸாவுக்கான வாக்கெடுப்பில் நடுநிலை வகித்திருந்தன. பாதுகாப்புச் சபையில் இஸ்ரேலைக் காப்பதற்காக அமெரிக்கா பயன்படுத்திய வீட்டோக்கள் எத்தனை! ஆகவே உலகம் இஸ்ரேலை மட்டும் வதைக்கிறது என்பதும், இஸ்ரேலுக்கு மட்டும் சலுகை தருகிறது என்பதும் ஒரே வேளையில் உண்மையாக இருக்கின்றன. நாற்காலியில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத் தராசு மாறுகிறது. மனித உரிமைகள் பேரவையின் நிகழ்ச்சி நிரலில் இஸ்ரேல் பலஸ்தீன விவகாரத்துக்கு மட்டும் ஏழாவது அம்சம் என்று நிரந்தர இடம் ஒன்று 2007 இல் ஒதுக்கப்பட்டது. ஏனைய நாடுகளெல்லாம் நான்காவது அம்சத்தின் கீழ் வரும். அப்போதைய செயலாளர் நாயகம் பான் கீ மூன் அதனால் ஏமாற்றமடைந்ததாக வெளிப்படையாகவே சொன்னார்.

மியூனிக்கையும் மறக்கக் கூடாது. 1972 செப்டெம்பரில் ஒலிம்பிக் கிராமத்துக்குள் புகுந்த பலஸ்தீன ஆயுததாரிகளின் தாக்குதலில் இஸ்ரேலிய வீரர்களும் பயிற்றுநர்களுமாக 11 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு நாள் அளவில் போட்டிகள் நின்றன, பிறகு தொடர்ந்தன. இறந்தவர்களின் குடும்பங்கள் ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் தொடக்க விழாவில் ஒரு நிமிட மௌனம் மட்டுமே கேட்டு வந்தார்கள். அது 2021 இல் டோக்கியோவில்தான் கிடைத்தது. 49 ஆண்டுகள் ஒரு நிமிடத்துக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று, காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைத் தாங்கி வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் நம் தாய்மாருக்குத் தெரியும்.

அந்த இளைஞர் மறுபடி வந்தால் இதைச் சொல்லுங்கள்: முள்ளிவாய்க்காலைக் காணாமல் விட்ட கண் காஸாவைக் கண்டுவிட்டது என்பதற்காக, அந்தக் கண்ணைக் குத்திவிடும்படி நாங்கள் கேட்கவில்லை. எங்களையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கேள்வி: 2006 இல் எங்கள் தலைக்கு மேல் வந்த கிபிர் எந்த நாட்டில் செய்தது? அதை விற்றவர்களின் பிள்ளைகள் 2023 ஒக்டோபரில் கொல்லப்பட்டதற்கு நாங்கள் எதற்காக அழ வேண்டும்? அப்பாவிகள் என்கிறீர்கள். எங்களைப் பற்றி எவர் அப்படிச் சொன்னார்கள்? (சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து மீண்டும் குடியேறிய ஒருவர்)

பதில்: அண்ணா, உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாட்கள் எழுத முடியாமல் இருந்தேன். 2006 ஏப்ரல் 25 ஆம் திகதி மாலை நான் இந்தக் கரையில் நின்று, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் உங்கள் ஊர்ப் பக்கம் புகை எழும்புவதைப் பார்த்தவன். கிபிர் இஸ்ரேலில் செய்யப்பட்ட விமானம்தான். இலங்கை விமானப்படை 1990 களின் நடுப்பகுதியில் அதை வாங்கியது. 1980 களில் அதிரடிப் படையினருக்கு இஸ்ரேலியர் பயிற்சி கொடுத்ததும் மறைக்கப்பட்ட செய்தி அல்ல. நம் பிள்ளைகள் "அம்மா" என்ற சொல்லுக்கு அடுத்ததாக "கிபிர்" என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட ஒரு காலம் இருந்தது. அந்த விற்பனைக்காக இஸ்ரேல் அரசைக் கண்டிக்க உங்களுக்கு உள்ள உரிமையை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன்.

ஆனால் 2023 ஒக்டோபர் 7 ஆம் திகதி இஸ்ரேலில் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்டவர் யார் என்று பாருங்கள். ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். 251 பேர் பணயக் கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். இசை விழாவுக்கு வந்திருந்த இளைஞர்களும், தோட்டங்களில் கூலி வேலை பார்த்த தாய்லாந்துக்காரர்களும் அவர்களில் அடங்குவர். பெயேரி என்ற குடியிருப்பில் விவியன் சில்வர் என்ற 74 வயதுப் பெண்மணி கொல்லப்பட்டார். காஸாவிலிருந்து வரும் நோயாளிகளை எல்லையில் ஏற்றித் தன் காரில் இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய் விட்டு வந்தவர். சமாதானத்துக்காக யூதப் பெண்களையும் அரபுப் பெண்களையும் ஓர் அமைப்பில் சேர்த்தவர். அவர் கடத்தப்பட்டிருக்கலாம் என்று ஒரு மாதத்துக்கு மேல் குடும்பம் நம்பிக்கொண்டிருந்தது. கிபிரை விற்றவர் அவர் இல்லை. காஸாவில் அதற்குப் பின் இறந்தவர்களின் எண்ணிக்கை 2025 ஜூலை இறுதியில் 60,000 ஐக் கடந்துவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சு அறிவித்தது. அந்தக் குழந்தைகளும் விவியன் சில்வரைக் கொன்றவர்கள் அல்லர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு என் நாக்கு தடுமாறுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

எங்களைப் பற்றி எவர் அப்பாவிகள் என்று சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் வேறொன்றை நாம் நினைக்க வேண்டும். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கும் அதிகமானோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் தெருவில் எவரும் அதைப் பயங்கரவாதம் என்று சொல்லவில்லை. "அவர்கள் காட்டிக்கொடுத்தார்கள்" என்றோம். "போரென்றால் இப்படித்தான்" என்றோம். நானும் அப்படித்தான் சொன்னேன். இன்று காஸாவின் மருத்துவமனை இடிந்து விழும்போது அதே இரண்டு வாக்கியங்களை இஸ்ரேலிய அதிகாரிகள் சொல்வதைத் தொலைக்காட்சியில் கேட்கிறேன். ஒக்டோபர் 7 ஐப் பற்றி நம் தெருவிலேயே சிலர் அவ்வாறு சொல்வதையும் கேட்கிறேன். எனக்கு அந்தச் சொற்கள் நன்றாகப் பழக்கமானவை என்பதால்தான், அண்ணா, உங்களோடு முரண்படும் துணிவு வருகிறது.

கேள்வி: பயங்கரவாதி யார் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? (உயர்தர மாணவர், தம்பலகாமம்)

பதில்: தம்பி, பெரும்பாலும் துப்பாக்கியும் ஒலிவாங்கியும் ஒருங்கே வைத்திருப்பவர். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் அமர்ந்திருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்ததைக் காட்டும் படங்களை எடுத்த செய்தியாளர் அதே மாதம் 24 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். கைதான 13 அதிரடிப் படையினரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். நீங்கள் இன்று மாலை அந்தக் கடற்கரைக்குப் போனால் அந்த இடத்தைப் பார்க்கலாம். ஆயுதமில்லாத மக்களை, மற்றவரை அச்சுறுத்துவதற்காகக் கொல்வது பயங்கரவாதம். செய்தவர் சீருடை அணிந்திருந்தாலும் சரி, முகமூடி அணிந்திருந்தாலும் சரி. சுவரில் ஒட்டி (ஸ்டிக்கர்) ஒட்டுவது பயங்கரவாதம் ஆகாது. 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஒட்டிகளை ஒட்டியதாக 22 வயது இளைஞர் ஒருவரைக் கைது செய்து, 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைத்து வைத்தார்கள். நம்மை நாற்பது ஆண்டுகள் வாட்டிய அதே சட்டம்.

கேள்வி: நிலாவெளியில் இஸ்ரேலியருக்கு அறை கொடுப்பதில்லை என்று விடுதிக்காரர்கள் சேர்ந்து முடிவெடுத்தால் என்ன? காஸாவுக்காக நாம் செய்யக்கூடியது அதுதானே? (வாசகர், நிலாவெளி)

பதில்: அந்த முடிவு பிரதமர் நெத்தன்யாகுவைத் தொடாது. அவருக்கு எதிராகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பர் 21 ஆம் திகதி பிடியாணை பிறப்பித்திருக்கிறது; அவர் நிலாவெளிக்கு வந்தால் அறை கொடுக்காமல் விடுவது மட்டும் போதாது. ஆனால் உங்கள் வாசலில் முதுகுப்பையோடு நிற்கும் பெண், ஒவ்வொரு சனிக்கிழமையும் டெல் அவிவ் வீதியில் அந்தப் பிரதமருக்கு எதிராகக் கொடி பிடித்தவளாக இருக்கலாம். இஸ்ரேலியக் குடிமக்களில் ஐந்தில் ஒருவராக உள்ள அரபுகளில் ஒருத்தியாகவும் இருக்கலாம். காஸாவில் குற்றம் செய்தவர் என்று ஒருவரைப் பற்றிச் சான்று இருந்தால் அதற்கு வழி வேறு. 2024 டிசெம்பரில் இலங்கையில் விடுமுறை கழித்துக்கொண்டிருந்த இஸ்ரேலியப் படையினர் ஒருவருக்கு எதிராக, அவர் தாமே வெளியிட்ட காணொளியைச் சான்றாகக் காட்டி, வெளிநாட்டு அமைப்பு ஒன்று முறைப்பாடு செய்தது. ஓர் ஆளின் செயலுக்கு அந்த ஆளையே பொறுப்பாக்குவதால் அந்த முறையை நான் மதிக்கிறேன்.

"இஸ்ரேலியருக்கு இடமில்லை" என்ற பலகை எழுதப்பட்ட மறுநாளே அது "யூதருக்கு இடமில்லை" என்று வாசிக்கப்படும். உலகிலுள்ள ஏறத்தாழ ஒன்றரைக் கோடி யூதரில் பாதிக்கும் மேற்பட்டோர் இஸ்ரேலுக்கு வெளியே வாழ்கிறார்கள். 1994 ஜூலை 18 ஆம் திகதி ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் யூத சமூக நிலையம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு 85 பேர் இறந்தார்களே, அவர்களுக்கும் இஸ்ரேல் லெபனான் எல்லையில் நடந்த சண்டைக்கும் என்ன தொடர்பு? காஸாப் போரை விசாரித்து 2009 இல் இஸ்ரேல்மீதும் ஹமாஸ்மீதும் குற்றம் சாட்டி அறிக்கை எழுதிய நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன் ஒரு யூதர். அதற்காகத் தன் சமூகத்தவரிடமே துரோகிப் பட்டம் வாங்கினார். ஆகவே யூதர் என்றால் ஒரே குரல் என்று எண்ணிப் பலகை எழுதாதீர்கள்.

அறை மறுப்பது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாததா? 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களை எழுப்பி, பேருந்துகளில் ஏற்றி, வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் நம் திருகோணமலைக்கும் அனுப்பினார்கள். மருத்துவரைப் பார்க்கப் போனவர்களும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களும் அவர்கள். "தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள்" என்பதே அரசாங்கம் சொன்ன நியாயம். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அந்தப் பேருந்திலிருந்து இறங்கிய ஒருவரை நான் அன்று சந்தித்தேன். அவர் கையில் மருந்துச் சீட்டு இருந்தது; மருந்து கொழும்பிலேயே தங்கிவிட்டது.

கேள்வி: யூதர்கள்மீது நாடுகள் காட்டிய இரட்டை நியாயத்துக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டா? (ஓய்வுபெற்ற நூலகர், திருகோணமலை)

பதில்: உண்டு. ஜேர்மனியில் 1901 இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த சீக்மண்ட் பெனிகர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் 1936 இல் இலங்கைக்கு வந்து, தொடாந்துவை அருகே உள்ள தீவு மடத்தில் பௌத்தத் துறவியாகி ஞாணபொனிக தேரர் என்ற பெயரைப் பெற்றார். தாயையும் 1939 இல் இங்கே அழைத்துக்கொண்டார். அங்கேயே இருந்திருந்தால் அந்த அம்மையாரின் கதி என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. போர் தொடங்கியதும் பிரித்தானிய ஆட்சியினர் எதிரி நாட்டவர் என்று இந்தத் துறவியைப் பிடித்துத் தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். பிறகு இந்தியாவின் டேராடூன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். யூதர் என்பதால் ஜேர்மனியில் வாழ முடியாமல் போனவர், ஜேர்மானியர் என்பதால் இலங்கையில் சிறைப்பட்டார். ஹிட்லரின் ஆளாக அவர் இருக்க முடியுமா என்று எவரும் ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். 1946 இல்தான் விடுதலை கிடைத்தது. முகாமில் இருந்த ஆண்டுகளிலும் அவர் பாளி நூல்களை ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்துக்கொண்டே இருந்தார். விடுதலையானதும் தன்னை அடைத்து வைத்த இந்த நாட்டுக்கே திரும்பி வந்தார். 1994 ஒக்டோபரில் கண்டியில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார்.